கூலி தயவு அல்ல, அமானிதம்!



உனக்கு விசா வந்துவிட்டது என்ற செய்தி தெருவில் பரவியதும் பார்ப்பவர்கள் எல்லாம் உன்னிடம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "சம்பளம் எவ்வளவு?" நீயும் ஒரு தொகையைச் சொல்கிறாய். ஆயிரத்து ஐநூறு திர்ஹம் என்கிறாய். அல்லது இரண்டாயிரம் ரியால் என்கிறாய். அதை ரூபாயாக மாற்றிப் பார்த்து, கடன் எப்போது அடையும், தங்கையின் நிக்காஹ் எப்போது, வீட்டுக்கு மேல்தளம் எப்போது என்று குடும்பம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது.

யாரும் கேட்காத கேள்விகள் சில இருக்கின்றன. அந்தத் தொகையில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேர வேலை? கூடுதல் நேரத்துக்குக் கூலி உண்டா? விடுப்பில் ஊருக்கு வரும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா? எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஒரேயடியாகத் திரும்பும் நாளில் கையில் என்ன தருவார்கள்? இவையெல்லாம் எந்தக் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கின்றன?

இந்தக் கேள்விகளைக் கேட்காமல் போனதால் பத்து வருடம், பதினைந்து வருடம் உழைத்துவிட்டு ஒரு பெட்டியோடும் ஒரு போர்வையோடும் திரும்பியவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்களை ஏமாற்றியவர்கள் எல்லோரும் அரபிகள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அரபி முதலாளிகளில் நல்லவர்களும் இருக்கிறார்கள், கெட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் துபை தேராவிலும், ரியாத் பத்ஹாவிலும், ஜித்தா பலதிலும் கடை நடத்தும் நம்மவர்கள், நம் ஊர்ப் பிள்ளைகளையே வேலைக்கு அழைத்து அவர்களது உரிமையைப் பிடித்து வைப்பதும் நடக்கிறது. இதை வெளியே பேசினால் சமுதாயத்தின் மானம் போய்விடும் என்று மூடி மறைக்கிறோம். மறைக்க மறைக்கப் புண் ஆழமாகிறது. எனவே இந்தக் கட்டுரை வேலைக்குப் போகும் இளைஞனுக்கும், வேலைக்கு வைக்கும் வணிகப் பெருமகனுக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

மத்யனில் நடந்த ஒப்பந்தம்

அந்நிய நாட்டில் போய் வேலைக்கு அமர்வது நமக்குப் புதிய செய்தி அல்ல. மூஸா (அலை) அவர்கள் எகிப்திலிருந்து உயிருக்குத் தப்பி மத்யனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கையில் ஒன்றுமில்லை. தெரிந்தவர் யாருமில்லை. ஒரு வேளை உணவுக்கும் வழியில்லாத அந்நியர் அவர்.

அப்படிப்பட்ட ஒருவரை வேலைக்கு வைப்பவர் எதை வேண்டுமானாலும் நிபந்தனையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் திருக்குர்ஆனின் 28வது அத்தியாயம் என்ன சொல்கிறது? அந்தப் பெரியவர் தம் மகளை மணமுடித்துத் தருவதாகச் சொல்லி, அதற்கு எட்டு ஆண்டு வேலை என்று காலத்தை வரையறுக்கிறார். பத்தாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம் என்கிறார். உமக்குச் சிரமம் தர நான் விரும்பவில்லை என்றும் சொல்கிறார். மூஸா (அலை) அவர்களும் இரண்டு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் தம் மீது குற்றமில்லை என்று தெளிவுபடுத்திக்கொண்டு, பேசியதற்கு அல்லாஹ்வைச் சாட்சியாக்குகிறார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! வேலையின் காலம் சொல்லப்பட்டது. அதற்கான பலன் சொல்லப்பட்டது. எது கட்டாயம், எது விருப்பம் என்பது பிரிக்கப்பட்டது. இருவரும் ஒப்புக்கொண்டார்கள். "முதலில் வந்து சேர், மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்று யாரும் சொல்லவில்லை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) எதைப் பற்றியது? தவணை குறித்த கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. நிக்காஹ் மஜ்லிஸில் மஹர் தொகையைப் பதிவேட்டில் எழுதி, சாட்சிகளின் கையெழுத்தையும் வாங்குகிறோம். அதே மாப்பிள்ளையைத் திருமணமான நாற்பதாம் நாள் விமானம் ஏற்றி அனுப்பும்போது மட்டும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் அனுப்புகிறோம்!

சட்டம் என்ன தருகிறது?

வளைகுடா நாடுகளில் தொழிலாளிக்குச் சட்டமே இல்லை என்று ஒரு பேச்சு ஊரில் உலவுகிறது. அது சரியல்ல. சட்டம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் நம் குறை.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 1980ஆம் ஆண்டின் பழைய தொழிலாளர் சட்டம் நீக்கப்பட்டு, 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, ஓராண்டு நிறைவு செய்த வெளிநாட்டுத் தொழிலாளிக்குப் பணிமுடிவுத் தொகை உண்டு. நம் பிள்ளைகள் இதைத்தான் "சர்வீஸ் பணம்" என்பார்கள். முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் அடிப்படைச் சம்பளம். மொத்தத் தொகை இரண்டு ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. வேலை முடிந்த 14 நாட்களுக்குள் பாக்கி அனைத்தையும் தீர்த்துவிட வேண்டும்.

ஒரு கணக்கைப் பார். உன் கடைசி அடிப்படைச் சம்பளம் 1,500 திர்ஹம். 8 ஆண்டு வேலை பார்த்திருக்கிறாய். ஒரு நாள் கூலி 50 திர்ஹம். 21 நாளுக்கு 1,050. ஐந்து ஆண்டுக்கு 5,250. மீதி மூன்று ஆண்டுக்கு 4,500. ஆக 9,750 திர்ஹம் உனக்கு வர வேண்டும். "நீயாக வேலையை விட்டால் ஒன்றும் கிடைக்காது" என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதே. ராஜினாமா செய்தால் குறைப்பது பழைய சட்டத்தில் இருந்தது. புதிய சட்டத்தில் இல்லை.

சவூதியில் 2005ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், பிறகு ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். அங்கே படிகளும் சேர்ந்த கடைசிச் சம்பளமே கணக்கு. 2,000 ரியால் வாங்கியவர் 8 ஆண்டு முடித்தால் 11,000 ரியால் வரும். ஆனால் தானாக விலகினால் 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை மூன்றில் ஒரு பங்கு, 5 முதல் 10 ஆண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு, 10 ஆண்டுக்கு மேல் முழுத் தொகை. ஆகவே எந்த மாதம் எழுதிக் கொடுக்கிறாய் என்பதே ஆயிரக்கணக்கான ரியால்களைத் தீர்மானிக்கிறது. ஒப்பந்தக் காலம் எப்போது முடிகிறது என்பதைப் பார்க்காமல், ஒரு நாள் கோபத்தில் எழுதிக் கொடுத்துவிடாதே.

இரண்டு நாடுகளிலும் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி நேரமே பொதுவான வேலை அளவு. அதற்கு மேல் வாங்கும் வேலைக்கு அமீரகத்தில் 25 சதவீதமும், சவூதியில் 50 சதவீதமும் கூட்டித் தர வேண்டும். ஆண்டு விடுப்பு அமீரகத்தில் 30 நாள். சவூதியில் 21 நாள், ஐந்தாண்டுக்குப் பின் 30 நாள். இவை சம்பளத்துடன் கூடிய விடுப்பு. சவூதியில் இகாமாவும் அதைப் புதுப்பிக்கும் செலவும் முதலாளியின் பொறுப்பு. அமீரகத்தில் ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிப்பதும், பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதும் சட்டப்படி கூடாது. கத்தரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடமும் உணவும் தராவிட்டால் அதற்கு மேல் முறையே 500, 300 ரியால் தர வேண்டும்.

வீட்டு டிரைவர், சமையல்காரர் போன்ற வீட்டு வேலையாட்களுக்குத் தனி விதிகள் உள்ளன. மேலே சொன்ன அமீரக, சவூதிப் பணிமுடிவுத் தொகைக் கணக்குகள் அவர்களுக்குப் பொருந்தா. அந்த விசாவில் போகிறவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எந்த வழியில் பறிபோகிறது?

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது பணம் எப்படிப் போகிறது? அதற்கும் தந்திரங்கள் இருக்கின்றன.

முதலாவது, அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து எழுதுவது. மொத்தம் 2,000 திர்ஹம் என்பார்கள். ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 800, மீதி 1,200 படி என்றிருக்கும். மாதாமாதம் உனக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஐந்தாண்டு முடிவில் 1,500 அடிப்படைச் சம்பளக்காரருக்கு 5,250 திர்ஹம் கிடைக்கும்போது உனக்கு 2,800தான் கிடைக்கும்.

இரண்டாவது, ஏடிஎம் அட்டை. சம்பளம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும் என்று அமீரகம் 2009லேயே கொண்டுவந்தது. பிறகு சவூதியும் கத்தரும் கொண்டுவந்தன. வங்கியில் முழுச் சம்பளத்தைப் போட்டுவிட்டு, பையனின் அட்டையைக் கல்லாப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அரசாங்கத்தின் கணக்கில் அது நேர்மையான கடை!

மூன்றாவது, விசாப் பணம். சட்டப்படி முதலாளி ஏற்க வேண்டிய செலவைப் பையனின் தலையில் கட்டி, மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கே 30,000 ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு இருக்கிறது. நம் பிள்ளைகள் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று வட்டிக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். வட்டி ஹராம் என்று வெள்ளிக்கிழமை கேட்கிறோம், சனிக்கிழமை விசாவுக்காக அடகுக் கடைக்குப் போகிறோம்!

நான்காவது, கடைசிக் கையெழுத்து. ஊருக்குப் புறப்படும் நாளில் அரபியில் அச்சிட்ட ஒரு தாளை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்து, அப்போதுதான் எக்ஸிட் அடிக்க முடியும்" என்பார்கள். எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன் என்று அதில் எழுதியிருக்கும். டிக்கெட்டையும் ஐந்நூறு திர்ஹத்தையும் கையில் திணித்துத் தோளில் தட்டி அனுப்புவார்கள். பல வருட உழைப்பு ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும்.

மலேசியாவில் உணவகம் நடத்தும் நம் சமுதாயத்தவரும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். அங்கே 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அது வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தும். 2025 அக்டோபர் முதல் சேமநிதியில் முதலாளியும் தொழிலாளியும் தலா 2 சதவீதம் செலுத்த வேண்டும். அங்கே போகிறவர்களும் இதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

வணிகப் பெருமக்களே!

உங்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்கிறோம். கடை வாடகை ஏறிவிட்டது. லைசென்ஸ், விசா, இன்சூரன்ஸ் என்று அரசாங்கத்துக்குக் கட்டும் பணம் கூடிவிட்டது. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் எதிரில் வந்து நிற்கின்றன. "நான் அவனைக் கொண்டு வராவிட்டால் அவன் ஊரில் சும்மா சுற்றிக்கொண்டிருப்பான். தங்க இடம் கொடுத்தேன், சாப்பாடு போட்டேன், அவன் உம்மாவின் ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்தேன். இதற்கு மேல் சர்வீஸ் பணமும் கேட்கிறானே!" என்கிறீர்கள்.

நீங்கள் செய்த உதவிக்கு அல்லாஹ் நற்கூலி தருவான். ஆனால் உதவி வேறு, கூலி வேறு. உதவி உங்கள் பணம். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். கூலி அவனுடைய பணம். அது உங்களிடம் இருக்கும் அமானிதம். ஒருவனுடைய அமானிதத்தை எடுத்து அவனுக்கே தர்மம் செய்ய முடியுமா?

பணிமுடிவுத் தொகை என்பது முதலாளி மனமுவந்து தரும் அன்பளிப்பு என்ற எண்ணமே தவறு. அது ஒவ்வொரு மாதமும் அவன் உழைத்து, வாங்காமல் உங்களிடம் விட்டு வைத்த கூலி. 1,500 திர்ஹம் அடிப்படைச் சம்பளக்காரனுக்கு மாதம் 87 திர்ஹம் 50 ஃபில்ஸ் ஒதுக்கி வைத்தால் ஐந்தாம் ஆண்டு இறுதியில் தொகை தயாராக இருக்கும். மாதா மாதம் ஒதுக்காமல் அதையும் சரக்கில் போட்டுவிட்டு, அவன் போகும் நாளில் "கையில் இல்லை" என்றால் அது யாருடைய குற்றம்?

ரமளானில் நீங்கள் ஜகாத் கணக்குப் பார்க்கிறீர்கள். பள்ளிவாசலுக்கு ஏசி வாங்கித் தருகிறீர்கள். மதரஸா கட்டிடத்தில் உங்கள் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. இவையெல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் அந்தக் கல்வெட்டுக்குக் கீழே உங்கள் கடையில் வேலை பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய ஒருவன் உட்கார்ந்து தொழுதுகொண்டிருந்தால், அவன் கையேந்திக் கேட்பது என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்பதை நாம் அறியாதவர்களா?

தொழிலாளியிடம் முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் எச்சரிப்பதை நபி (ஸல்) அவர்கள் வாயிலாக அறிகிறோம். இது புகாரியில் பதிவான செய்தி. துபை லேபர் கோர்ட்டிலிருந்து தப்பலாம். அந்தக் கோர்ட்டிலிருந்து எங்கே தப்புவது?

குகையில் சிக்கிய மூவர்

பாறை விழுந்து குகைக்குள் அடைபட்ட மூவரின் வரலாற்றை மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த மூவரில் ஒருவர் யார்? அவர் ஒரு முதலாளி! அவரிடம் வேலை பார்த்த ஒருவர் தம் கூலியை வாங்காமலே போய்விட்டார். முதலாளி அந்தக் கூலியைத் தம் முதலோடு சேர்த்துவிடவில்லை. அதைத் தனியாக வைத்துப் பெருக்கினார். அது கால்நடைகளாகப் பெருகியது. நெடுங்காலத்துக்குப் பின் அந்தத் தொழிலாளி வந்து கேட்டபோது, இவை அனைத்தும் உன் கூலிதான் என்று காட்டினார். கேலி செய்யாதீர்கள் என்றார் அவர். கேலியில்லை என்று சொல்லி எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு போகவிட்டார். அந்தச் செயலை முன்வைத்து அவர் கேட்ட துஆவுக்கும் பாறை விலகியது.

விட்டுப் போன கூலியைப் பெருக்கித் திருப்பிக் கொடுத்த முதலாளியை நமக்கு முன்மாதிரியாகச் சொல்கிறது மார்க்கம். பெருக்கித் தரச் சொல்லி எந்த நாட்டுச் சட்டமும் உங்களைக் கேட்கவில்லை. இருப்பதைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறது!

இளைஞனே, உன் கடமை

உரிமை பேசுகிற உனக்கும் கடமை உண்டு. வாங்கும் கூலிக்கு நேர்மையாக உழைக்க வேண்டும். கல்லாவில் கை வைப்பதும், சொல்லாமல் வேறிடத்துக்கு ஓடுவதும் உன் உரிமையை நீயே அழித்துக்கொள்வதாகும்.

அடுத்தது, விவரமாக இரு. புறப்படும் முன்பே ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கு. அடிப்படைச் சம்பளம் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார். இங்கே காட்டிய ஒப்பந்தமும் அங்கே போய்க் கையெழுத்திடுவதும் ஒன்றா என்று ஒப்பிடு. குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் உள்ளவர்கள் விசிட் விசாவில் போய் வேலை தேடும் குறுக்கு வழியை நம்பாதீர்கள். முறையாகப் போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் குடும்பத்துக்குக் கிடைக்கும். குறுக்கு வழியில் போய் இறந்தவரின் குடும்பத்துக்கு அதுவும் இல்லை.

ஏடிஎம் அட்டையை யாரிடமும் கொடுக்காதே. சம்பளம் வந்த தேதியையும் தொகையையும், கூடுதலாக வேலை பார்த்த நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிவை. புரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்திடாதே. முதலில் கைப்பேசியில் படம் எடு, படிக்கத் தெரிந்தவரிடம் காட்டு. வழக்குக்கும் காலக்கெடு உண்டு. அமீரகத்தில் வேலை முடிந்து இரண்டு ஆண்டுக்குள், சவூதியில் ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். ஊருக்கு வந்து ஆற அமர யோசித்துக்கொண்டிருந்தால் கதவு அடைபட்டுவிடும். பாக்கியோடு திரும்ப நேர்ந்தால் அங்கே நம்பிக்கையான ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு வா.

2016ல் சவூதியில் பெரிய கட்டுமான நிறுவனங்கள் நொடித்தபோது ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றி முகாம்களில் கிடந்தார்கள். ஜித்தா இந்தியத் துணைத்தூதரகம் அவர்களுக்குச் சாப்பாடு அனுப்ப வேண்டியதாயிற்று. 2020ல் கொரோனா காலத்தில் வந்தே பாரத் விமானங்களில் ஏறியவர்களில் பலர் சம்பளப் பாக்கியையும் சர்வீஸ் பணத்தையும் விட்டுவிட்டே வந்தார்கள். கையில் ஒப்பந்தமும் வங்கிக் கணக்குத் தாளும் இருந்தவர்களுக்காவது கேட்பதற்கு ஆதாரம் இருந்தது.

நம் அரசாங்கமும் குற்றமற்றதல்ல. அதே 2020 செப்டம்பரில், வளைகுடாவுக்குப் போகும் இந்தியத் தொழிலாளிக்கு நிர்ணயித்திருந்த குறைந்தபட்சச் சம்பள அளவை மத்திய அரசு 30 முதல் 50 சதவீதம் வரை குறைத்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2021 ஜூலையில் திரும்பப் பெற்றது. நாம் விழித்திருந்தால்தான் நம் உரிமை விழித்திருக்கும்.

ஜமாஅத்துகள் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்திலும் நிக்காஹ் பதிவேடு இருப்பதுபோல் ஒரு பயணப் பதிவேடு வைக்கலாம். வெளிநாடு போகும் பிள்ளையின் ஒப்பந்த நகல் ஒன்று அதில் இருக்கட்டும். படித்த இளைஞர்கள் இருவர் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லட்டும். முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்து பாக்கி விவகாரம் வந்தால், வசதியுள்ளவர் பக்கம் சாயாமல் ஜமாஅத் விசாரிக்கட்டும். வரதட்சணை வாங்கிய திருமணத்துக்குப் பதிவேடு தர மறுக்கும் துணிச்சல் சில ஜமாஅத்துகளுக்கு வந்திருக்கிறது. அதே துணிச்சலுடன், கூலி பாக்கி வைத்தவரின் நன்கொடையை, "முதலில் அவன் பாக்கியைத் தீர்த்துவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பட்டும். ஒரே ஒரு ஊரில் இது ஒரே ஒரு முறை நடந்தால் போதும், ஒன்பது ஊர்களில் பாக்கி தீரும்!

வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன நபியின் உம்மத் நாம். பாலைவன வெயிலில் சிந்திய வியர்வை விரைவில் உலர்ந்துவிடும். அதைச் சிந்தியவனின் கணக்கு உலர்வதில்லை. அது மறுமை வரை ஈரமாகவே இருக்கும்.

கேட்க வேண்டியதைக் கேட்கும் தெளிவை நம் இளைஞர்களுக்கும், கொடுக்க வேண்டியதைக் கேட்கும் முன்பே கொடுக்கும் மனதை நம் வணிகர்களுக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.